உடற்குறையுள்ளோர் உரிமை: நம் பிள்ளைகளுக்கு ஒரு வக்கீல் தொழில்



நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர், ஜவுளி வியாபாரி, சில மாதங்களுக்கு முன் நம் காரியாலயத்துக்கு வந்து ஒரு மனக்குறையைச் சொன்னார். அவருடைய மூத்த மகன் சட்டக் கல்வியை முடித்து நல்ல முறையில் தேறியிருக்கிறார். கம்பெனிகளின் பத்திரங்களைப் பார்க்கும் பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்றில் இடம் கிடைக்கும் நிலை. பையனோ, ஊனமுற்றவர்களின் உரிமைக்காக வாதாடும் வக்கீலாகத்தான் ஆவேன் என்று நிற்கிறாராம்.

"முப்பது வருஷம் கஜக்கோல் பிடித்துப் படிக்க வைத்தேன். தருமம் செய்ய வேண்டுமானால் முதலில் சம்பாதித்து விட்டுச் செய்யட்டுமே! இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று அவர் கேட்டார்.

அன்று அவருக்குத் தக்க பதிலை நாம் சொல்லவில்லை, நமக்கே தெரிந்திருக்கவில்லை. பிறகு படித்தும், தெரிந்தவர்களிடம் விசாரித்தும் அறிந்துகொண்டவற்றை ஒரு பாடமாக எழுதுகிறோம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பெருகி வருகிறார்கள். ஆகவே இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அன்று.

தருமம் வேறு, உரிமை வேறு

அந்த வியாபாரி சொன்ன மற்றொரு செய்தியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். அவர் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்த ஒருவருக்குச் சர்க்கரை வியாதியால் ஒரு கால் எடுக்கப்பட்டது. முதலாளி அவரைக் கைவிட்டாரில்லை. "இனிமேல் நீங்கள் அலைய வேண்டாம், வீட்டில் ஓய்வாக இருங்கள்" என்று சொல்லி, மாதந்தோறும் பாதிச் சம்பளத்தை வீட்டுக்கே அனுப்பி வந்தார். ஊரார் மெச்சினார்கள். நாமும் மெச்சினோம்.

தகப்பனுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் நடந்த இரவில் மகன் சொன்னாராம்: "அத்தா, நீங்கள் மாமாவுக்குச் சோறு போட்டீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவருடைய வேலையை எடுத்துவிட்டீர்கள். அவருக்குப் போனது ஒரு கால்தானே? கணக்குப் போடும் மூளையும் துணியின் தரம் பார்க்கும் விரலும் போகவில்லையே! கல்லாவில் உட்கார முடியுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று அந்த வியாபாரி நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

தருமம் கொடுப்பவருடைய மனத்தைப் பொறுத்தது. அவர் மனம் மாறினால் நின்றுவிடும். அவர் காலமானால் மகன் தொடரலாம், தொடராமலும் போகலாம். உரிமை பெறுபவருடைய சொத்து. நம் கடைக்கு வாங்கிய சரக்குக்குப் பட்டியல் இருப்பதைப் போல அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. அதைக் காட்டி மன்றத்தில் கேட்கலாம். இந்த ஆதாரத்தைத் தேடி எடுப்பதும், இல்லாத இடத்தில் உண்டாக்கச் செய்வதுமே பொதுநல வக்கீலின் வேலை.

சாதாரண வக்கீல் ஒரு கட்சிக்காரருக்கு வரவேண்டிய கடனை வசூலித்துத் தருகிறார். பொதுநல வக்கீலும் ஒரு கட்சிக்காரருக்காகவே வாதாடுகிறார். ஆனால் ஒருவர் வழக்கால் பலருக்கு வழி திறக்க வேண்டும் என்று பார்த்து வழக்கைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு கடையில் எடை குறைந்தால் அந்த ஒருவருக்கு மீதியை வாங்கிக் கொடுப்பது ஒரு வகை. சந்தை முழுவதிலும் முத்திரையிட்ட எடைக்கல் வைக்கச் செய்வது இன்னொரு வகை. இரண்டாவதே இத்தொழில்.

கசாப்புக் கடைக்காரர் மகள்

இத்தொழில் நன்கு வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. தகப்பனார் கசாப்புக் கடை வைத்திருந்தார். 1947இல் பிறந்த அவர் மகள் ஜூடித் ஹியூமனுக்கு ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டது. அன்று முதல் சக்கர நாற்காலிதான். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, நாற்காலியில் இருக்கும் பிள்ளையால் தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

தாயார் விடாமல் போராடி அவரைப் படிக்க வைத்தார். ஹியூமன் பட்டம் பெற்று, ஆசிரியர் வேலைக்கான எழுத்துப் பரீட்சையிலும் வாய்மொழிப் பரீட்சையிலும் தேறினார். ஆனால் நடக்க முடியாது என்ற காரணத்தால் வைத்தியப் பரிசோதனையில் தவறியவராக்கி, 1970இல் நகரக் கல்விச் சபை அவருக்கு உரிமம் மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி என்ற நீதிபதியிடம் வந்தது. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி அவர். கறுப்பு மக்களின் உரிமைக்காகப் பல்லாண்டு வாதாடியவர். கல்விச் சபை தன் முடிவை மறுபரிசீலனை செய்வது நல்லது என்று நீதிபதி குறிப்புக் காட்டவே, சபை இறங்கி வந்தது. ஹியூமன் ஆசிரியரானார்.

அத்துடன் முடியவில்லை. 1973இல் வந்த ஒரு சட்டத்தின் 504ஆம் பிரிவு, கூட்டரசுப் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும் ஊனத்தின் காரணமாக ஒருவரை விலக்கக் கூடாது என்றது. பிரிவு ஏட்டில் இருந்தது. அதை நடத்துவதற்கான விதிகளில் நாலு வருஷமாக அதிகாரிகள் கையெழுத்திடவில்லை. 1977 ஏப்ரல் 5ஆம் தேதி ஹியூமனும் நண்பர்களும் சான் பிரான்சிஸ்கோவில் அரசாங்கக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி விதிகள் கையெழுத்தாயின. 1990 ஜூலை 26இல் கையெழுத்தான மற்றொரு சட்டம் அந்த உரிமையைத் தனியார் கடை, உணவகம், தொழிற்சாலை வரை கொண்டு வந்தது. ஹியூமன் 2023இல் காலமானார்.

இதில் சட்டம் பயிலும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வழக்கு மட்டும் போதவில்லை, சட்டம் மட்டும் போதவில்லை, விதிகளும் வேண்டியிருந்தன, அவற்றைக் கேட்க உடற்குறையுள்ளோரே முன்னின்றார்கள். வக்கீல் அவர்களுக்குத் தலைவர் அல்லர், அவர்களுடைய கருவி.

உணவுப் பட்டியலில் தொடங்கிய வழி

இரண்டாவது உதாரணம், தொழிலில் எப்படி இறங்குவது என்பதைக் காட்டுவது. ஹாபென் கிர்மா என்பவர் கண்பார்வையும் காது கேட்பும் மிகக் குறைந்தவர். அகதியாக வந்த தாயாரின் மகள். கல்லூரியில் படித்த காலத்தில் சாப்பாட்டுக் கூடத்து உணவுப் பட்டியலை அவரால் படிக்க இயலவில்லை. பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், என் கருவி எனக்குப் படித்துக் காட்டும் என்று கேட்டார். கூடத்து மேலாளர் நேரமில்லை என்று தட்டிக் கழித்தார். கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு முதலில் அவரும் பேசாமல் இருந்துவிட்டார். பிறகு, இது சலுகையன்று, 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி என் உரிமை என்று எடுத்துச் சொன்னார். பட்டியல் ஒழுங்காக வரத் தொடங்கியது. மறு வருஷம் பார்வையற்ற இன்னொரு மாணவர் அங்கே சேர்ந்தபோது அவர் யாருடனும் போராட வேண்டியிருக்கவில்லை. இதைக் கண்டுதான் சட்டம் படிக்க முடிவு செய்ததாகக் கிர்மா பிற்காலத்தில் பல மேடைகளில் கூறியிருக்கிறார்.

2013இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் அவர் பட்டம் பெற்றார். கண்ணும் காதும் குன்றியவர்களில் அங்கே சட்டம் முடித்த முதல்வர் அவரே. பின்னர் பொதுநல வக்கீல்களுக்கென்று வழங்கப்படும் ஓர் உதவித்தொகையைப் பெற்று, பெர்க்லியில் உடற்குறையுள்ளோர் வழக்குகளை மட்டுமே நடத்தும் ஒரு வக்கீல் அமைப்பில் சேர்ந்தார். இணையத்தில் நூலகம் நடத்திய ஒரு கம்பெனியின் பக்கங்களைப் பார்வையற்றோர் படிக்க இயலவில்லை என்று வழக்கு வந்தது. எங்களுக்குக் கட்டடமும் வாசலும் இல்லையே, அந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்று கம்பெனி வாதித்தது. 2015 மார்ச்சில் வெர்மாண்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. கம்பெனி சமாதானத்துக்கு வந்து தன் பக்கங்களைத் திருத்த ஒப்புக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டம்

இனி மலேசியாவுக்கு வருவோம். உடற்குறையுள்ளோர் உரிமை பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அதை உறுதி செய்தன. மலேசியாவில் 2008 ஜூலை 7இல் உடற்குறையுள்ளோர் சட்டம், அதாவது 685ஆம் எண் சட்டம், அமலுக்கு வந்தது. கட்டடம், போக்குவரத்து, கல்வி, வேலை, செய்தி ஆகியவற்றில் மற்றவர்களுக்குச் சமமாக அவர்களுக்கும் உரிமை உண்டு என்று அது கூறுகிறது. சைகை மொழியையும் பிரெயில் எழுத்தையும் அரசாங்கமும் தனியாரும் ஏற்க வேண்டும் என்கிறது.

ஆனால் 2008இல் வந்தபடி அச்சட்டத்தில் ஒரு பெரிய குறை உண்டு. பாகுபாடு செய்தவருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் எழுதப்படவில்லை. 41ஆம் பிரிவோ, நல்லெண்ணத்துடன் செய்ததற்கும் செய்யாது விட்டதற்கும் அரசாங்கத்தின் மீது வழக்கு வராமல் காக்கிறது. கூட்டரசு அரசியல் சாசனத்தின் 8ஆம் விதி யாவரும் சமம் என்று சொன்னாலும், பாகுபாடு கூடாது என்று அது பெயர் சொல்லி எண்ணும் காரணங்கள் சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் என்பவையே. பால் என்பது 2001இல்தான் சேர்ந்தது. உடற்குறை அவ்வரிசையில் இல்லை.

பற்றுச்சீட்டு கையில் இருக்கிறது, வசூலிக்க ஆள் இல்லை என்ற நிலைக்கு இதை ஒப்பிடலாம். அப்படியானால் வக்கீலுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இங்கேதான் வேலை அதிகம். நேர்வழி அடைபட்ட இடத்தில் பக்கவழிகளை அறிந்தவரே பயன்படுவார்.

வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்படி 60 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். உடல்நலம் குன்றி வேலை செய்ய இயலாதவர் பெர்கேசோவில் இயலாமை ஓய்வூதியம் கோரலாம். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. பொது அதிகாரியின் முடிவைச் சீராய்வு செய்ய உயர்நீதிமன்றத்தில் மூன்று மாதத்துக்குள் அனுமதி கேட்க வேண்டும். கட்டடங்களில் உடற்குறையுள்ளோர் புகுவதற்கு வழி வேண்டும் என்று கட்டட உபவிதிகளின் 34ஏ பிரிவு சொல்கிறது. மனித உரிமை ஆணையத்திடம் முறையிடவும் வழியுண்டு. உண்டியல் தவணை தவறினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இந்த 60 நாளும் மூன்று மாதமும் அப்படிப்பட்ட தவணைகளே. வீட்டிலேயே இருந்து, சொல்வாரின்றித் தவணையைத் தவறவிட்டவர்களுக்கு வேளையோடு சொல்லும் ஒரு வக்கீல் எத்தனை பெரிய உதவி!

சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வயது, இனம், சமயம் முதலியவற்றுடன் உடற்குறையும் மனநலக் குறையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. 25 பேருக்குக் குறைவானவர்களை வைத்து நடத்தும் சிறு தொழில்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு இருக்கிறதே என்று நம்மவர் நிம்மதி கொள்ளாமல், விலக்கு என்பது ஆயத்தம் செய்துகொள்ளக் கொடுத்த அவகாசம் என்று எடுத்துக்கொள்வதே விவேகம்.

தொழிலில் இறங்கும் வழி

முதலாவது, படிப்பு. அரசியல் சாசனம், நிர்வாகச் சட்டம், தொழிலாளர் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய நான்கிலும் பிள்ளை ஊன்றிப் படிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர் இங்கே வக்கீல் ஆவதற்கு வேண்டிய சான்றிதழ்ப் பரீட்சையையும் முடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பயிற்சி. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டப்படி, ஏழாண்டு அனுபவத்துக்குக் குறையாத ஒரு வக்கீலிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். எந்த வக்கீலிடம் சேர்வது என்பது மிக முக்கியம். நாம் வாழ்க்கையில் கடை கற்றது முதல் முதலாளியிடம்தானே! தொழிலாளர் வழக்கும் சீராய்வு வழக்கும் நடத்துகிறவரைத் தேடிச் சேர வேண்டும். சட்ட உதவி மையத்தில் செய்யும் பயிற்சிப் பணியைக் கடமைக்குச் செய்யாமல், அங்கே வருகிறவர்களுடைய கதையைப் பொறுமையுடன் கேட்கப் பழக வேண்டும்.

மூன்றாவது, மொழி. மலாயும் ஆங்கிலமும் மன்றத்துக்கு வேண்டும். தமிழ், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நம் மக்களுடைய கதையைக் கேட்பதற்கு வேண்டும். சைகை மொழி சிறிதேனும் கற்றால் அது வாழ்நாள் முழுதும் பலன் தரும் முதல்.

நான்காவது, பழக்கம். உடற்குறையுள்ளோர் சங்கங்களுக்குப் போய் வர வேண்டும். பேசுவதற்கு முன் கேட்க வேண்டும். இவர்களுக்கு இதுதான் வேண்டும் என்று நாமே தீர்மானிப்பது அந்த ஜவுளி வியாபாரி செய்த தவறே ஆகும்.

ஐந்தாவதாக ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். உடற்குறையுள்ள நம் பிள்ளைகளே இத்தொழிலுக்கு வரலாம். பார்வையற்றவர் நீதிபதிப் பதவிக்கு வருவதைத் தடுத்த ஒரு மாநில விதியை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் செல்லாது என்று தீர்த்தது. நீதிபதியாகவே அமரலாம் என்றால் வக்கீலாக நிற்பதற்கு என்ன தடை?

வரவு செலவு

தகப்பனார் கேட்ட கேள்விக்கு ஒளிவு மறைவின்றி விடை சொல்ல வேண்டும். கம்பெனி வக்கீலுக்கு வரும் வருமானம் இதில் வராது. அமெரிக்காவில், வென்ற கட்சியின் வக்கீல் கட்டணத்தைத் தோற்ற தரப்பு கொடுக்கும்படி இவ்வகை வழக்குகளில் மன்றம் உத்தரவிடலாம். பட்டம் பெற்றவருக்கு இரண்டு வருஷச் சம்பளம் தரும் அறக்கட்டளைகளும் உண்டு. அந்த இரண்டுமே அங்கே இத்தொழிலைத் தாங்கும் தூண்கள். நம் நாட்டில் அவ்வளவு பலமான தூண்கள் இல்லை.

ஆகவே இங்கே இறங்குகிறவர் முதல் சில வருஷம் தொழிலாளர் வழக்கு, குத்தகை, கடைப் பத்திரம் போன்ற சாதாரண வேலைகளையும் ஏற்று, அந்த வரவில் நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்வதே நடக்கக்கூடிய வழி. ஓடும் சரக்கும் ஓடாத சரக்கும் ஒரே கடையில்தானே இருக்கின்றன! அரசு சாராத அமைப்புகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இடம் உண்டு. பெயர் நிலைக்கப் பத்து வருஷம் ஆகலாம். அந்தப் பத்து வருஷத்துக்குக் குடும்பத்தின் ஆதரவு வேண்டும். இதைச் சொல்லாமல் மறைத்தால் நாம் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் துரோகம் செய்தவர்களாவோம்.

மறுபக்கத்து வரவையும் எழுத வேண்டும். உடற்குறையுள்ளவருக்கு வேலை கொடுக்கும் முதலாளி, அவருக்குக் கொடுத்த சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ள 1982 முதல் மலேசியாவில் விதி உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்த ஒரு வக்கீல் நம் சங்கத்தில் இருந்தால் அது முதலாளிக்கும் லாபம், தொழிலாளிக்கும் லாபம்.

வாசற்படி

அந்த ஜவுளிக் கடையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பழைய ஊழியரைத் திரும்ப அழைக்கத் தகப்பனார் மனம் வைத்தார். கல்லாவுக்குப் பின்னால் உயரமான நாற்காலியும் போட்டாயிற்று. ஆனால் அவர் சக்கர நாற்காலியில் வந்து கடைவாசலில் நின்றார். வாசற்படி அரை அடி உயரம். சாய்தளம் போடுவதற்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலத்துக்கு ஆறடி வேண்டும். கடை முன்னால் இருப்பதோ ஐந்தடி நடைபாதை. அதற்கு அப்பால் சாக்கடை. பக்கத்துக் கடையின் தளம் இன்னொரு உயரம். அதற்கடுத்த கடைக்காரர் நடைபாதை முழுவதும் சரக்கை அடுக்கி வைத்திருக்கிறார். நடைபாதையைத் தொட வேண்டுமானால் நகராட்சியின் அனுமதி வேண்டும்.

"என் நல்ல மனசு என் வாசற்படி வரைக்கும்தான் போகுது. அதுக்கு மேலே போக முடியலே" என்று அவர் நம்மிடம் சொன்னார். நாம் இத்தனை பக்கத்தில் சொல்ல முயன்றதை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். தெரு முழுவதும் ஒரே மட்டமாக வேண்டுமானால் விதி வேண்டும். விதியை நடத்தச் செய்ய வக்கீல் வேண்டும்.

இப்போதைக்கு வாசற்படியைச் சிறிது இடித்துத் தாழ்த்தி, எடுத்து வைக்கக்கூடிய பலகைச் சாய்தளம் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். பழைய ஊழியர் வாரத்தில் நாலு நாள் கல்லாவில் இருக்கிறார். முழுச் சம்பளக் கணக்கில் பெயர் ஏறியிருக்கிறது. மகன் ஒரு தொழிலாளர் வழக்கு வக்கீலிடம் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார். தகப்பனார் முழு மனத்துடன் சம்மதித்தார் என்று சொல்வதற்கில்லை. "ஒன்பது மாசம் பார்ப்போம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். வியாபாரி வாயில் அதுவும் பாதிச் சம்மதமே.

இப்பாடத்தைப் படித்தவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டுகிறோம். இன்றைக்கே கடைவாசலின் உயரத்தை அளந்து பாருங்கள். நடைபாதையில் சக்கர நாற்காலி ஒன்று போக இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சரக்கை உள்ளே எடுங்கள். நம்மில் பத்து வியாபாரிகள் சேர்ந்தால், இத்தொழிலுக்கு வர விரும்பும் ஒரு பிள்ளையின் ஒன்பது மாதப் பயிற்சிக் காலத்தைத் தாங்கலாம். விருப்பமுள்ளவர்கள் சங்கக் காரியதரிசியிடம் பெயரைக் கொடுங்கள்.

அந்தப் பட்டியலில் முதற்பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எழுதிக் கொடுத்தவர் ஒரு ஜவுளி வியாபாரி.